பள்ளத்தில் ஊற்றிய பச்சைச் சாயம்

பழைய சுரங்கத்தை மூடுகிற இடத்தில் தண்ணீர் வடிப்பது என் பொறுப்பு. அக்காவின் கணவர், என் மாமா, அங்கேயே டிப்பர் ஓட்டுகிறார். குவிந்து கிடந்த கழிவுக் கல்லை அள்ளி, தண்ணீர் தேங்கிய பெரிய பள்ளத்தில் கொட்டுவதாகத் திட்டம். அந்தக் கல்லில் ஊறிய தண்ணீர் அமிலமாய்ப் புளிக்கும், இரும்பையே அரித்துவிடும். பள்ளத்திலிருந்து கசிவது எங்கள் வடிகாலுக்கு வந்தால் கவலையில்லை, அங்கே இருக்கிற சுண்ணாம்புத் தொட்டி புளிப்பை முறித்துவிடும். வேறு பக்கம் போனால்தான் வினை.

"எங்க கெணத்துக்கு வந்துடாதே?" என்று அக்கா கேட்டாள். அவள் வீடு குன்றுக்கு அந்தப் பக்கம்.

"குன்று ஏறி வர்றதுக்குத் தண்ணிக்குக் காலா இருக்கு? போய் வேலையைப் பாரு" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஆனாலும் மனசு குறுகுறுத்தது. கசிவு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, பள்ளத்தில் பச்சைச் சாயத்தை ஊற்றிவிட்டு வடிகால் வாயிலேயே பழியாய்க் கிடந்தேன். அன்று சாயம் வரவில்லை. மறுநாளும் இல்லை. பள்ளத்தில் பச்சை வெளிறிக்கொண்டே போனது, வடிகாலிலோ ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை. அத்தனை சாயமும் எங்கே போய்த் தொலைந்தது? அதை நினைத்து நினைத்துச் சோறே இறங்கவில்லை.

மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாம் அடியில படிஞ்சிருக்கும்மா. நாளைக்குக் கல்லைக் கொட்ட ஆரம்பிச்சிடலாம்."

காலையில் மாமாதான் முதல் லோடு. டிப்பரைப் பின்னுக்கு எடுத்துப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தினார். என் போன் அடித்தது. அக்கா.

"ஏண்டி, என்னமோ சாயம் ஊத்தினேன்னியே, என்ன நிறம்?"

"பச்சை. ஏன்?"

"கெணத்துத் தண்ணியில கொழந்தையைக் குளிப்பாட்டினேன். கிளி மாதிரி நிக்கிறான்!"

சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. குன்றுக்கு அடியில் அந்தக் காலத்தில் எத்தனை பொந்து குடைந்தார்களோ, எங்கள் வரைபடத்தில் ஒன்றுகூட இல்லை. நான் மேட்டை மட்டும் பார்த்துப் பெரிய பேச்சு பேசியிருக்கிறேன்.

"ஒடம்புக்கு ஏதாவது ஆகுமா?"

"சாயத்தால ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் ஏன் உன் குரல் நடுங்குது?"

டிப்பரின் தொட்டி மேலே எழும்பத் தொடங்கியிருந்தது. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடினேன்.

"மாமா, கொட்டாதீங்க! அது உங்க வீட்டுக் கெணறு!"