குவாலிட்டி சாரின் ரீல்

குவாலிட்டி சார் எந்தப் பொருளையும் முதல் பார்வையிலேயே ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. பம்பு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். நல்ல பம்பாகவே இருந்தாலும் ஒரு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கி, அதைச் செய்தவன் முகம் வாடிய பிறகுதான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். ஓய்வு பெற்ற பிறகு உதட்டைப் பிதுக்கிக் காட்ட வீட்டில் மனைவி இருந்தாள். போன வருஷம் அவளும் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியது தூண்டில் கடை ஒன்றுதான்.

கடைக்காரர் அவருக்கென்றே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு வைத்திருந்தார். பாசத்தில் அல்ல. வந்தவர்களிடம் சார் பேசுகிற பேச்சில், ஒரு தூண்டில் ராடு வாங்க வந்தவர் ஆளை விட்டால் போதும் என்று இரண்டாக வாங்கிக்கொண்டு ஓடினார். வியாபாரத்துக்கு நல்லதுதானே.

அந்த வாரம் சார் தனக்காகவே வாங்க வந்தார். மகளும் மாப்பிள்ளையும் லீவில் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை படகில் போய் அடிமட்டத்து மீன் பிடிப்பதாக ஏற்பாடு. மறுநாள் காலையில் அவர்களுக்கு ரயில்.

"படகுக்குக் குட்டை ராடுதான். நுனி மெத்துன்னு இருக்கணும், இடுப்பு விறைப்பா இருக்கணும்" என்றார் சார், ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து ஒதுக்கியபடி.

"என் உடம்பு அதுக்கு நேர் எதிர் சார். இடுப்பு எப்பவோ விட்டுப்போச்சு."

"ஜோக்கடிக்காதய்யா. ஈயம் கீழ தட்டுறது கைக்குத் தெரியணும். தெரியலைன்னா அது ராடு இல்ல, துடைப்பக்கட்டை."

ஒருவழியாக ஒரு ராடு தேர்வானது. அதற்குத் தோதாக, உள்ளே வழவழவென்று மின்னும் உலோக உருளை கொண்ட ரீல். பட்டு மாதிரி மெல்லிய பின்னல் நூல். நுனியில் கட்ட ஈயக்கட்டி, அதற்கு மேலே இரண்டு கிளை, கிளைக்கொரு முள். ஈயத்தை மட்டும் லேசான நைலான் நரம்பில் கட்டச் சொன்னார். பாறையில் சிக்கினால் ஈயம் மட்டும் அறுந்துபோகும், மற்றது தப்பிக்கும்.

"நூலை மெஷின்ல சுத்திக் கொடுத்துடவா சார்?"

"என் ரீலை எவன் கையிலயும் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு சார் வீட்டுக்கு நடந்தார்.

அந்த வீட்டில் ஹாலில் டிவியும் சமையலறையில் ரேடியோவும் எப்போதும் சேர்ந்தே ஓடும். தூரத்திலிருந்து கேட்டால் புருஷன் பெண்டாட்டி வாக்குவாதம் மாதிரி இருக்கும். சாருக்கு அது போதும். மகளும் மாப்பிள்ளையும் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நூலைச் சுற்றினார். வாய் வேறு வேலையில் இருந்தது.

"அங்க ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு..." இல்லை, பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது. "கொஞ்ச நாள் உங்ககூட வந்து இருந்து பார்க்கலாமான்னு..." இதுவும் தேறாது.

அவருக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதைச் சொல்ல முடியாமல் ஒரு வாரம் ஓடிவிட்டது. கல்யாணப் பந்தலிலேயே, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "மாப்பிள்ளை வீட்டுத் திண்டில சாயுற ஆளு நான் இல்லை" என்று முழங்கியவர் ஆயிற்றே. அதனால்தான் படகு. பெரிய மீன் ஒன்று மேலே வரும், எல்லாரும் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்போடு சிரிப்பாக வாக்கியத்தையும் இறக்கிவிடலாம். தரையில் சொன்னால் கெஞ்சல், கடலில் சொன்னால் குஷி.

வாக்கியம் பிடிபடவில்லை. நூல் மட்டும் சுற்றி முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடல் தட்டு மாதிரி கிடந்தது. பாறைத்திட்டுக்கு மேல் படகோட்டி நங்கூரம் போட்டார். மாப்பிள்ளை வாடகை ராடோடு ஓரமாக உட்கார்ந்தார். சார் தன்னுடையதை உறையிலிருந்து உருவிய விதத்தைப் பார்த்து, "மாமா, உங்களை மாதிரி ரசிச்சு வாழற ஆளை நான் பார்த்ததே இல்ல" என்றார்.

அவ்வளவுதான். ராடின் இடுப்பு, நுனி, நூலின் மென்மை, ஈயத்தின் தத்துவம் எல்லாவற்றையும் சார் எடுத்துவிட்டார். மாப்பிள்ளை தலையாட்டத் தலையாட்ட, உற்சாகம் ஏறியது. தான் பேச வந்தது இது இல்லை என்பது நடுவே ஒருமுறை உறைத்தது. ஆனாலும் முள்ளின் வளைவைப் பற்றி இன்னும் பாக்கி இருந்தது.

"அப்பா" என்றாள் மகள், அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து. "உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னு..."

ராடு வெடுக்கென்று குனிந்தது.

"இரும்மா!" சார் எழுந்து நின்றார். "களவாய் மீனு! பெருசு!"

கைப்பிடியைச் சுற்றினார். ரீல் சுற்றியது. மீன் வரவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினார். ரீல் மணிமணியாகச் சுற்றியது. நூல் ஒரு விரற்கடை ஏறவில்லை.

"என்ன சார், வர மாட்டேங்குதா?" என்றார் படகோட்டி.

"வரும். பிரேக்கை இறுக்கணும்." இறுக்கினார். சுற்றினார். வரவில்லை.

"மிக்சில மாவு அரைக்கிற மாதிரி சுத்துறீங்களே. நூலைக் கையால பிடிச்சு இழுங்க சார்!"

"ஆமாப்பா, கையால இழுத்துடலாம்" என்று மகளும் எழுந்தாள்.

"கையால இழுக்கறதுக்கு ராடு எதுக்கு? தள்ளிப்போ!"

மீன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு காத்திருக்கவில்லை. பாறைக்குள் புகுந்து நூலை அறுத்துக்கொண்டது. ராடு நிமிர்ந்தது. சார் உட்கார்ந்து, பெருவிரலால் நூற்கட்டை அழுத்தித் தள்ளினார். மொத்த நூலும் ஒரே உருண்டையாக, உருளை மேல் வளையல் மாதிரி வழுக்கி நகர்ந்தது.

வழவழ உருளையில் பின்னல் நூலை நேரடியாகச் சுற்றக் கூடாது. முதலில் சாதா நரம்பு கொஞ்சம் சுற்றி, அதன் மேல்தான் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிடிப்பிருக்காது. ஸ்டூலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவர் அவர்தான். அன்று அந்த மேஜையில் அவர் சுற்றிக்கொண்டிருந்தது வேறு எதையோ.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். பிறகு, ரீலைப் பார்த்தபடியே, "என்னமோ கேட்கணும்னியே?" என்றார்.

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லப்பா. எங்ககூட வந்துடறீங்களான்னு கேட்கலாம்னு இருந்தேன். வந்ததுலேர்ந்து இவர்கிட்ட இதே பேச்சுதான். நீங்க தனியா கஷ்டப்படறீங்களோன்னு..." அவள் சிரித்தாள். "இன்னிக்குப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சது. கடலு, கடை, ராடுன்னு இப்படி இருக்கிறவரைக் கொண்டுபோய் நாலாவது மாடியில அடைச்சா பாவம்பா."

வாக்கியம் சாரின் தொண்டை வரை வந்தது. பிச்சை இல்லை, கெஞ்சல் இல்லை, வெறும் 'வரேம்மா' போதும். வாயைத் திறந்தார். வெளியே வந்தது பம்பு தொழிற்சாலைக் குரல்.

"அதானே! அங்க வந்து நான் என்ன பண்றது, பால்கனில தூண்டில் போடவா? எனக்கு இங்க என்ன குறைச்சல்?"

படகோட்டி சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். எல்லாரும் சிரிப்பார்கள் என்று சார் போட்ட கணக்கு மட்டும் தப்பவில்லை. மகளின் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. அது நிம்மதியா வருத்தமா என்று தரம் பிரிக்க அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது அவள் ஜன்னல் வழியாக, "அடுத்த தடவை அந்தப் பெரிசைப் பிடிச்சுடுங்கப்பா" என்றாள். பிடித்துவிடுவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து டிவியையும் ரேடியோவையும் போட்டார். இரண்டிலும் ஒரே செய்தி வாசித்தார்கள். இரண்டும் ஒத்துப்போவது சகிக்காமல் அணைத்துவிட்டு, சாயங்காலம் கடைக்குப் போனார்.

புதிதாக ரீல் வாங்க ஒருவர் வந்திருந்தார். "அடியில முதல்ல கொஞ்சம் சாதா நரம்பு சுத்துங்க" என்று சார் ஆரம்பித்தார். "அப்பதான் பிடிப்பிருக்கும். இல்லைன்னா நீங்க பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருப்பீங்க, அடியில இருக்கிறது அடியிலயே இருக்கும்." வந்தவர் இரண்டு ரீலாக வாங்கிக்கொண்டு ஓடினார்.

"உங்க ரீல் எப்படி சார் இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"வெண்ணெய் மாதிரி சுத்துது."

கடைக்காரர் விளக்குகளை அணைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாவியோடு வாசலில் நின்றார். சார் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.