ஊதாத் தண்ணீர் வாளி

தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சுக் கட்டினால்தான் வயசுக்கு வந்த பெண் அதற்குள் போய் உட்காரலாம். அப்பன் கட்டக் கூடாது, சித்தப்பன் கட்டக் கூடாது. பல்லடம் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவாத்தாளின் மகள் சண்முகப்ரியா விடிந்ததிலிருந்து வீட்டுக்கு வெளியே மாட்டுக்கொட்டகை ஓரமாக ஒரு பாயில் உட்கார்ந்து, மாமன் எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாவாத்தாளோ அண்ணன் வந்துவிடுவானே என்று பயந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் கல்யாணத்துக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட மனுஷன் வெள்ளியங்கிரி. ஆனால் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அவன் கோழிப்பண்ணையில் முந்தின வாரம்தான் வெள்ளைக் கழிச்சல் புகுந்து ஷெட்டையே காலி பண்ணியிருந்தது. டாக்டர்கள் அதற்கு ராணிக்கெட் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் எதுவானால் என்ன, காலையில் தீனி தின்ற கோழி மறுநாள் கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடக்கும்.

பாவாத்தாளின் ஷெட்டில் கறிக்கோழிகள் ஐந்தாவது வாரத்தில் இருந்தன. விற்பனைக்கு ஏற்றிப்போக லாரி வர இன்னும் சில நாட்கள்தான். போன தடவை சித்திரை வெயிலில் பாதிக்கு மேல் செத்துப்போயின. இந்தத் தடவையும் போனால் ஷெட்டை யாருக்காவது தறி போட வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று அவள் புருஷன் சென்னியப்பன் தீர்மானமாகச் சொல்லியிருந்தான். அவனுக்கென்ன, ஷெட்டு போனால் ஒரு தொந்தரவு போயிற்று என்று இருப்பான். குஞ்சு இறங்கிய நாளிலிருந்து பல்பு வெளிச்சத்தில் சூடு பார்த்து, தண்ணீரில் தடுப்பு மருந்து கலக்கி, வெயிலுக்குச் சாக்கை நனைத்துக் கட்டித் தொங்கவிட்டு வளர்த்தவள் அவள். அந்த ஷெட்டுதான் அவள் வாழ்க்கையில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே இடம்.

கோழி டாக்டர் கிருபாசங்கர் கண்டிப்பான ஆள். வேறு பண்ணையில் சீக்கு என்று கேள்விப்பட்டால் அந்த ஆளின் செருப்பு, துணி, வண்டிச் சக்கரம் எதுவும் உள்ளே வரக் கூடாது என்பார். தடுப்பு மருந்து கொடுத்திருந்தாலும் சீக்கு வேகமாக வந்தால் தாங்காது என்பார். அவர் சொன்னபடிதான் கேட்டில் காலில் ஒட்டிய கிருமி சாகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த ஊதாத் தண்ணீர் வாளி எப்போதும் இருந்தது. அவர் சொன்னபடிதான் தோட்டத்தில் ஒரு நாட்டுக்கோழி கூட இல்லாமல் எல்லாவற்றையும் அவள் விற்றுத் தீர்த்தாள். கோழிப்பண்ணை வைத்துக்கொண்டு மகளுக்குக் குடிக்க நாட்டு முட்டைக்கு ஊரெல்லாம் அலைகிறாளே என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

வெள்ளியங்கிரியின் டிவிஎஸ் வண்டி, தோட்ட வேலிகளுக்கு நடுவே வரும் இட்டேரித் தடத்தில் திரும்பியபோதே பாவாத்தாள் ஓடிப்போய் இரும்பு கேட்டைச் சாத்தினாள். பின்னால் கேரியரில் வெள்ளைத் துணி போர்த்திய பெரிய கூடை. நல்லெண்ணெயும் உளுந்தும் கருப்பட்டியும் இருக்கும் என்று நினைத்தாள். அண்ணன் முகம் ஒரே வாரத்தில் வற்றிப்போயிருந்தது. தங்கை கேட்டைத் திறக்கத்தான் ஓடி வருகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"அங்கயே நில்லுங்கண்ணா" என்றாள். "தப்பா நெனைக்காதீங்க. மோட்டாருத் தொட்டியில குளிச்சுப்போட்டு இவரு வேட்டியக் கட்டிக்கிட்டு உள்ள வாங்க. உங்க துணியும் செருப்பும் வண்டியும் வெளியவே இருக்கட்டுங்க."

வெள்ளியங்கிரி வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான்.

"நா என்ன எழவு ஊட்டுல இருந்தா வாரேன், அம்மணி?"

ஆமாம் என்று அவள் எப்படிச் சொல்வாள்? ஒரு ஷெட்டுக் கோழியை மண்ணுக்குள் தள்ளிவிட்டு வருகிறவனை வேறு என்னவென்று சொல்வது? அவள் கேட்டைப் பிடித்தபடியே நின்றாள். சீர் பார்க்க வந்திருந்த பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். கூடப் பிறந்தவனை வேலிக்கு வெளியே நிறுத்திக் குளிக்கச் சொன்னவள் என்ற பேச்சு இன்று பொழுது சாய்வதற்குள் பல்லடம் சந்தை வரைக்கும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன. இருந்தும் கேட்டைத் திறக்கவில்லை.

வெள்ளியங்கிரி சட்டையைக் கழற்றினான். கேட்டுக்கு வெளியே இட்டேரி ஓரத்தில் இருந்த தொட்டியில் எல்லோரும் பார்க்கக் குளித்தான். சென்னியப்பனின் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஊதாத் தண்ணீரில் வெறுங்காலை நனைத்துவிட்டு உள்ளே வந்தான். பாவாத்தாள் அவனுடைய செருப்பையும் துணியையும் ஒரு குச்சியால் தள்ளி ஓரமாக ஒதுக்கி, வண்டிச் சக்கரத்துக்குச் சுண்ணாம்பு தூவி, கேட்டை மறுபடியும் கழுவிவிட்டாள். இந்த வேலையில் அவள் முனைப்பாக இருந்தபோது கூடையைச் சென்னியப்பன் தூக்கிக்கொண்டு போனதை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் உளுந்துக் கூடைதானே என்று விட்டிருப்பாள்.

அண்ணன் தென்னையில் ஏறி ஓலை வெட்டினான். குச்சுக் கட்டத் தொடங்கினான். சண்முகப்ரியா மட்டும் மாமனிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள், அவனும் அவளுக்கு மட்டும் பதில் சொன்னான். பாவாத்தாள் களி கிண்ட, கூடையிலிருந்து சென்னியப்பன் எடுத்துக் கொடுத்த உளுந்தை வறுக்க உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கொக்... கொக்கொக்.

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. ஐந்து வாரக் கறிக்கோழி உருவத்தில்தான் பெரிசு, குரல் இன்னும் குஞ்சுக் குரல்தான். கீச்சுக்கீச்சென்று கத்தத் தெரியுமே தவிர அதற்குக் கொக்கரிக்கத் தெரியாது. இந்தத் தோட்டத்தில் கொக்கரிக்க ஒரு உயிரும் இல்லை.

அவள் எழுந்து ஓடினாள். சத்தம் ஷெட்டுப் பக்கமிருந்துதான் வந்தது. வெயிலுக்கு நிழல் அங்கேதான் இருக்கிறது என்று, கம்பிவலைக்கு அடியிலேயே அண்ணனின் கூடையைச் சென்னியப்பன் கவிழ்த்து வைத்திருந்தான். உள்ளே மூன்று நாட்டுப் பெட்டைகள். கால் கட்டி, அந்த வெள்ளைத் துணிக்கு அடியில் சீரோடு சீராக வைத்திருந்ததால் வழியெல்லாம் மூச்சுக் காட்டாமல் வந்தவை, இப்போது அவிழ்த்துவிட்டதும் கம்புத் தானியத்தைக் கொத்திக்கொண்டு இருந்தன. வலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய வெள்ளைக் கோழிகள் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தன.

இரண்டு பெட்டைகள் நன்றாகத்தான் இருந்தன. மூன்றாவது, தலையைச் சாய்த்துச் சாய்த்து வானத்தையே பார்த்தது.

பின்னால் ஓடி வந்த சென்னியப்பனைப் பார்த்து அவள் கேட்ட கேள்வி எதுவும் எழுதும்படியாக இல்லை. அவனும் விடவில்லை.

"ஒருக்கா குளிக்கச் சொன்னது பத்தாதா? மாமன் கொண்டாந்த சீரையும் வேண்டாம்னு நா எந்த வாயால சொல்றது?"

வெள்ளியங்கிரி கையில் ஓலைக் கீற்றோடு வந்து நின்றான். அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"இதுகளுக்குச் சீக்கு வந்துச்சுங்களாண்ணா?"

"வந்துச்சு கண்ணு. அத்தன கோழி போயும் இதுக மட்டும் பொழச்சுக்கிச்சு. நெம்பக் கெட்டியான உசுரு. பிள்ளைக்கு நல்லதுன்னுதான் இதுகளையே புடிச்சாந்தேன்."

அவனிடம் மிச்சமிருந்தவை இந்த மூன்றுதான். அதை அவன் மருமகளுக்குக் கொண்டுவந்திருக்கிறான். சீக்கில் பிழைத்த கோழி சீக்கை உடம்பில் வைத்துக்கொண்டு பிறவற்றுக்குக் கொடுக்கும் என்பது கோழி வளர்க்கும் அவனுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். ஆனால் சீர் கட்டும்போது அவன் மாமனாக மட்டும்தான் இருந்திருக்கிறான். பாவாத்தாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே கூடைக்குள் கையை விட்டு மூன்றையும் சாக்கில் போட்டு, கேட்டுக்கு வெளியே கொண்டுபோனாள். அங்கே வைத்து ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகினாள். மாமன் சீரைக் கொன்றுவிட்டாளே என்று வாசலில் யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது.

மண்வெட்டியை எடுக்கப்போனவளை அண்ணன் தடுத்தான்.

"குடு, குழிய நானே வெட்டறேன். இப்ப எனக்கு இதே வேலதான்."

ஆழமாக வெட்டினான். சுண்ணாம்பு போட்டு மூடி மிதித்தான். பிறகு யாரும் சொல்லாமலேயே மோட்டார்த் தொட்டிக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தான். இந்தத் தடவை பாவாத்தாள் சொம்பை எடுத்து அண்ணன் தலையில் தண்ணீர் ஊற்றினாள். அவன் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப உள்ள வரலாமா, அம்மணி?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். அவள் போய்க் கேட்டைத் திறந்துவிட்டாள். குச்சைக் கட்டி முடித்து, சண்முகப்ரியாவை உள்ளே உட்கார வைத்துவிட்டு, பசியில்லை என்று சொல்லி அவன் போய்விட்டான். தாய்மாமன் இலையில் உட்காராமல் போன சீர் அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு பாவாத்தாள் தூங்கவில்லை. ஷெட்டுச் சுவரோரம் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு கொட்டினாள். குளித்து வேறு சேலை கட்டாமல் ஷெட்டுக்குள் காலை வைக்கவில்லை. கோழிகளுக்கு நடுவே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். ஏதாவது ஒன்று இருமினால் அதைத் தேடிப் பிடித்துப் பார்ப்பாள். எச்சத்தில் பச்சையோ வெள்ளையோ தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்து இடுப்பு ஒடிந்தது. ஒரு மத்தியானம் மூலையில் ஒரு கோழி செத்துக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு டாக்டர் கிருபாசங்கரிடம் போனாள். அவர் அறுத்துப் பார்க்கும்வரை அவள் அவர் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழிச்சல் என்றால் இரைப்பையில் ரத்தப்புள்ளி இருக்கும், இதில் எதுவும் இல்லை, இது வெயிலில் போனது என்றார் அவர். வெயிலுக்கு நன்றி சொன்ன ஒரே கோழிக்காரி அவளாகத்தான் இருப்பாள்.

லாரி வந்தது. ஷெட்டு தப்பியது. தறிக்காரர்களிடம் பேசி வைத்திருந்த சென்னியப்பன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வருஷா வருஷம் ஆடி நோன்புக்கு வந்து தங்கையைத் தாய்வீட்டுக்கு அழைக்கும் அண்ணன் இந்த வருஷம் வரவில்லை. அழைப்பான் என்று கடைசிவரை பார்த்தாள். பிறகு ரோஷத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பஸ் ஏறிக் கருமத்தம்பட்டியில் இறங்கி நடந்தாள். அவன் தோட்டத்துக்கு முன்னால் இதுவரை இல்லாத ஒரு கேட் இருந்தது. ஷெட்டு வெள்ளையடித்துப் புதிதாக இருந்தது. உள்ளே குஞ்சுகள் கீச்சிடும் சத்தம் கேட்டு அவள் கேட்டில் கையை வைத்தாள்.

"அங்கயே நில்லு, அம்மணி."

வெள்ளியங்கிரி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஊதாத் தண்ணீர். பாவாத்தாள் கையை எடுத்துக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கிறான், கொடுக்கட்டும், நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் வாளியைக் கேட்டுக்கடியில் வைத்துவிட்டு, அக்குளில் இடுக்கியிருந்த பையிலிருந்து ஒரு புதுச்சேலையை எடுத்து நீட்டினான். ரவிக்கைத் துணியும் மஞ்சளும் அதற்குள் மடித்து வைத்திருந்தான். அவளுக்குப் பிடித்த மாம்பழ நிறம்.

"வருவீன்னு தெரியும், போன மாசமே எடுத்து வெச்சுப்போட்டேன். மோட்டாரு ரூமுல தண்ணி காய வெச்சிருக்குது. குளிச்சுப்போட்டு இதக் கட்டிக்கிட்டு உள்ள வா, குஞ்சுகளப் பாக்கலாம்."

"வாரேங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, பாவாத்தாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.