ஜிம்மியின் உயரத்துக்கு ஓர் ஊராட்சி

"ஏனுங்க, உங்களை நாய்ப் படம் போடச் சொன்னா என்ற முட்டிக்கால எதுக்குங்க போட்டீங்க?"

"நாயி கண்ணுக்கு முட்டிக்கால்தானுங்க தெரியும்."

"அப்ப மூஞ்சி?"

"அது அண்ணாந்து பாத்தாத்தானுங்க..."

"அண்ணாந்து பாக்கச் சொல்லுங்க அந்த நாயை!"

தம்பிதுரை போட்ட சத்தத்தில் ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே பால் ஊற்ற வந்தவர்கள் கேனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கமாக நகர்ந்தார்கள். பூலாங்காட்டுப்புதூர் அன்னூருக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே சண்டையைக் கூட ஜனங்கள் 'ங்க' போட்டுத்தான் போடுவார்கள். அதனாலேயே வெளியூர்க்காரர்களுக்குச் சண்டை நடப்பதே பாதியில்தான் பிடிபடும். ஓவியர் பிரான்சிஸ் பொள்ளாச்சிக்காரர், 'ங்க' பழகினவர்தான். அப்படியும் அவருக்கும் அப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருந்தது.

சத்தம் போட்ட தம்பிதுரை ஊராட்சித் துணைத் தலைவர். தென்னந்தோப்பு, மஞ்சள் காடு, ஒரு சிறிய விசைத்தறிக் கூடம், ஜிம்மி என்று ஒரு வெள்ளை நாய் எல்லாம் அவருக்கு உண்டு. பொமரேனியன் என்று சொல்லி அவர் தலையில் கட்டிய நாய் அது. வளர வளர அதன் காது வேறு கதை சொன்னது. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

தலைவர் மாசாணியம்மாள். அவளும் அங்கேதான் இருந்தாள். கதவு ஓரமாக, தரையில், காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றாறில் தேர்தல் வந்தபோது தலைவர் பதவி காலனிப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. தம்பிதுரை ஆளைத் தேடி அலையவில்லை. அவர் தோட்டத்தில் தண்ணீர் கட்டும் ராமுலுவின் மனைவி மாசாணியம்மாள் அவர் தோட்டத்துக் குடிசையில், சாளையிலேயே குடியிருந்தாள். ஜெயிக்கவைத்தார். முதல் கூட்டத்தன்று, "வா மாசாணி, உக்காரு" என்றார். எங்கே என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அலுவலகத்தில் நாற்காலிகள் இருந்தன. துணைத் தலைவருக்கு ஒன்று, உறுப்பினர்களுக்கு ஆளுக்கொன்று, கிளார்க் அருள்குமாருக்கு ஒன்று. மிச்சம் இருந்த ஒன்றின் மேல் தண்ணீர் மோட்டாரின் பழைய கம்பிச்சுருள் ஏறி உட்கார்ந்திருந்தது. அதை இறக்கிவைக்க யாருக்கும் கை வரவில்லை.

ஆரம்பத்தில் அவளுக்குக் கால் மரத்துப்போகும். பிறகு மரத்துப்போவது தெரியாமலே போயிற்று. காகிதம் நீட்டினால் கையெழுத்துப் போடுவாள். டீ வந்தால் வாங்கிக்கொள்வாள், அவளுக்கு வேறு டம்ளர். ஜிம்மி வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

சண்டைக்கு வழிவைத்த படம் இருந்தது ஒரு புத்தகத்தில். அது வந்த கதை வேறு. கோயமுத்தூரில் ஒரு சின்னப் பதிப்பகம், பிள்ளைகளுக்கு அரசாங்கம் என்றால் என்ன என்று படம் போட்டுச் சொல்ல ஒரு வரிசையே ஆரம்பித்திருந்தது. தபாலாபீசைப் பூனை பார்க்கும், கோர்ட்டைக் கிளி பார்க்கும், ரேஷன் கடையை ஆடு பார்க்கும். ஊராட்சிக்கு ஒரு நாய் வேண்டியிருந்தது. கோயமுத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த தம்பிதுரையின் மகள் லோகப்பிரியா, "எங்க ஊட்டுல நாயும் இருக்குது, பஞ்சாயத்தும் இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதை அவள் விகல்பமாகச் சொல்லவில்லை.

பிரான்சிஸ் வந்தார், தம்பிதுரை வீட்டிலேயே தங்கினார். படத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜிம்மிக்குப் பின்னால் தவழ்ந்தே திரிந்தார். தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, பள்ளிக்கூடம், கூட்டம் என்று எல்லாவற்றையும் நாய் நிற்கும் உயரத்திலிருந்தே வரைந்தார். மனுஷன் நல்ல கைகாரர். ஆனால் தவழும்போது லோகப்பிரியா ஜன்னலில் நின்று சிரித்ததையும் இவர் நிமிர்ந்து பார்த்ததையும் ஊர் குறித்துவைத்துக்கொண்டது. ஊருக்கு அந்தப் படம்தான் முக்கியம். புத்தகத்தில் என்ன வரப்போகிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

புத்தகத்துக்கு 'ஜிம்மி பார்த்த ஊராட்சி' என்று பெயர். சண்டை நடந்த நாளுக்கு மறுநாள், குடியரசு தினக் கிராம சபையில் யூனியன் ஆபீசிலிருந்து அதிகாரி வந்து வெளியிடுவதாக ஏற்பாடு. கட்டுக் கட்டாக வந்து இறங்கியதும் தம்பிதுரை முதல் புத்தகத்தைப் பிரித்தார். தொட்டியைப் பார்த்தார், சந்தோஷம். தெருவிளக்கைப் பார்த்தார், சந்தோஷம். கூட்டம் நடக்கும் பக்கத்துக்கு வந்ததும்தான் பிடித்துக்கொண்டது.

மேசைக் கால்கள், வேட்டிக் கரைகள், செருப்புகள், துணைத் தலைவரின் வீங்கிய பெருவிரல். படத்தில் ஆண்கள் அத்தனை பேரும் முட்டியோடு முடிந்துபோயிருந்தார்கள். நடுவில் ஒரே ஒருத்தி மட்டும் தலையிலிருந்து கால்வரை முழுசாக, நாயை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே ஜிம்மி சொல்வதாக இரண்டு வரி: 'எங்கள் தலைவரும் என்னைப் போலவே தரையில் உட்காருவார். அதனால் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.'

அந்த வரியை எழுதிய பதிப்பகத்து அம்மா ஊரைப் பார்த்ததே இல்லை. கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். எளிமையான தலைவர் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"அதிகாரி இதைப் படிச்சா என்னன்னு நெனைப்பாரு?" என்றார் தம்பிதுரை.

"நான் பாத்ததத்தானுங்க வரஞ்சேன்" என்றார் பிரான்சிஸ். சொல்லும்போதே அவர் முகம் மாறியது. கதவு ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார். வரைந்த மனுஷன், தான் வரைந்தது என்னவென்று அப்போதுதான் பார்க்கிறார்.

மாசாணியம்மாள் ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். மூக்குத்தியைச் சரியான பக்கத்தில்தான் போட்டிருக்கிறார் என்று நினைத்தாள். வேறு எதுவும் தோன்றவில்லை. தோன்ற வேண்டுமோ என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சுப்போடலாமுங்களா?" என்று கேட்டான் அருள்குமார்.

தம்பிதுரை பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கம் ஜிம்மியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவரே நிற்கும் போட்டோ, கீழே நன்றி. கிழிக்கிற பேச்சு அதோடு அடங்கியது.

"அப்ப அந்தம்மாளுக்கு அடியில ஒரு நாற்காலி வரஞ்சு உட்டுரலாமுங்க. கறுப்பு மசியில நாலு கோடுதானே?" என்றான் அருள்குமார்.

பிரான்சிஸ் மறுத்தார். "இந்த ஒசரத்துல நாற்காலி வராதுங்க. வரஞ்சா கூத்தாயிரும்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். அருள்குமாரே பேனாவைத் திறந்தான். எல்லாப் புத்தகத்திலும் நாற்காலி போட வேண்டும், கீழே இருக்கும் இரண்டு வரியையும் அடிக்க வேண்டும். மசியைக் காயவைக்க ஆள் வேண்டும். அந்த வேலை தலைவருக்கு வந்தது. அவன் போட்டுத் தள்ளத் தள்ள அவள் வாங்கித் தரையில் விரித்து வைத்தாள். பொழுது சாயும்போது அறை முழுக்க அவள் முகமாகக் கிடந்தது. கால் வைக்க இடம் இல்லாமல் தன் முகங்களுக்கு நடுவில் விரல் நுனியில் நடந்தாள்.

பிரான்சிஸ் சொன்னதுபோலவே ஆயிற்று. தலை இருக்கும் உயரம் மாறாமல் அடியில் நாற்காலியை நுழைத்தால் அது எவ்வளவு பெரிதாக வரும்? அறை ஓரத்தில் படுத்திருந்த ஜிம்மிக்குத்தான் அது சரியாக இருக்கும். அருள்குமார் தலையைச் சொறிந்தான். தம்பிதுரை வெகு நேரம் பார்த்தார்.

"இத்தனூண்டு நாற்காலி எங்கீடா இருக்குது நம்மூர்ல?"

"பால்வாடியில இருக்குதுங்க."

"அப்ப அதக் கொண்டாந்து போடு. பொஸ்தகத்துல இருக்கறாப்டியே இருக்கட்டும்."

பெரிய நாற்காலியைப் போட்டுத் தொலைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கேட்கிறவர்கள் வெளியூராகத்தான் இருக்க வேண்டும். பால்வாடி நாற்காலியில் அவள் நாற்காலியிலும் உட்கார்ந்தமாதிரி ஆயிற்று, கீழேயும் உட்கார்ந்தமாதிரி ஆயிற்று. இந்த மாதிரி காரியத்தில் ஊருக்கு மூளை நன்றாகவே வேலை செய்யும்.

கிளம்பும்போது தம்பிதுரை அவளிடம் நயமாகவே சொன்னார். "ஏ மாசாணி, நாளைக்கு அதிகாரி ஏதாச்சும் கேட்டா, எப்பவும் நாற்காலியிலதான் உக்கார்றேன்னு சொல்லிப்போடு. ராமுலு பொழப்பு நம்ம தோட்டத்துலதான ஓடுது. சாளையும் நம்முளுதுதான். உனக்குத் தெரியாததா?"

"சரிங்க பண்ணாடி" என்றாள்.

வீட்டில் ராமுலுவிடம் சொன்னாள். அவனும் சரி என்று சொல்லச் சொன்னான். அவர்கள் பெண் யுவஸ்ரீ மூன்றாம் வகுப்பு. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் உண்டு என்றது. அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். முன்வரிசையில் துணைத் தலைவர், உறுப்பினர்கள், தம்பிதுரையின் மனைவி தெய்வாத்தாள் புதுப் பட்டுப்புடவையில். அதிகாரிக்குத் துண்டு போட்ட நாற்காலி. அதற்கு இடது பக்கம், சிவப்பு பெயின்ட் அடித்த பால்வாடி நாற்காலி. அதில் மாசாணியம்மாள் உட்கார்ந்ததும் முட்டி இரண்டும் நெஞ்சுக்கு வந்தன.

"டேய், தலைவரம்மா நம்ம சேர்ல உக்காந்திருக்காங்கடா!" என்று பால்வாடிப் பிள்ளை ஒன்று கத்தியது. சிரிப்பு பந்தலைச் சுற்றி வந்தது. அவளுக்குச் சிரிப்பு கேட்டது, ஆனால் தூரத்தில் யாரோ ரேடியோ வைத்திருப்பதுபோல.

கொடியேற்றினார்கள். அதிகாரி புத்தகத்தை வெளியிட்டார். வழக்கமாக இப்படி வருகிறவர்கள் அட்டையைப் பார்த்துக் கை தட்டுவதோடு சரி, இவரோ பிரித்துப் படிக்கிறவராக இருந்தார். கூட்டம் நடக்கும் பக்கத்தில் நின்றார். அடித்த வரியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். பிறகு புத்தகத்தில் இருந்த நாற்காலியையும் தனக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியையும் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க எப்பவும் இதுலதான் உட்காருவீங்களா?"

தம்பிதுரை சிரித்த முகமாக அவளைப் பார்த்தார். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்த ராமுலு தலையைக் குனிந்துகொண்டான். அவள் சொல்ல வேண்டியது வாயில் தயாராகத்தான் இருந்தது.

"இல்லைங்க. இது இன்னிக்கு மட்டுந்தானுங்க. எப்பவும் கீழதானுங்க."

பிற்பாடு இதைப் பெரிய வீரமாகப் பேசியவர்கள் உண்டு. எவ்வளவு திமிர் பாரு என்று பேசியவர்களும் உண்டு. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அன்னூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல்தான் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே அது வேறு யாரோ சொன்னதுபோல இருந்தது.

அதிகாரி கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நல்ல நாற்காலி எடுத்துப் போடுங்கப்பா" என்றார்.

யாரும் அசையவில்லை. அருள்குமார் தம்பிதுரையைப் பார்த்தான். தம்பிதுரை கொடியைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தெய்வாத்தாள்தான் எழுந்தாள்.

"எத்தன நேரந்தான் இப்படியே நிப்பீங்க? அங்க ஊட்டுல அதிகாரிக்குச் சமைச்சது ஆறிப்போவுது. இந்தா அருளு, என்றதத் தூக்கிப் போடு. இதுல உக்காந்து எனக்கு இடுப்பே போச்சு."

நியாயத்துக்குச் சொன்னாளா, சாப்பாட்டுக்குச் சொன்னாளா என்பது ஊரில் இன்னும் தீராத வழக்கு. நாற்காலி வந்தது. மாசாணியம்மாள் அதில் மாறி உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் பலகை இருந்தது, கைக்குக் கட்டை இருந்தது. ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். அதிகாரி குடிநீர் பற்றிப் பேசினார். தீர்மானத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த நாள் காலை வாய்க்காலைத் திருப்பப் போன ராமுலு சீக்கிரமே திரும்பி வந்தான். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலிலேயே குந்திக்கொண்டான்.

"பண்ணாடி திட்டுனாரா?"

"இல்ல. 'நாளையில இருந்து நீங்க செரமப்பட வேண்டாமுங்க ராமுலு'ன்னாரு." அவன் குரலில் திகைப்புத்தான் இருந்தது. "என்னைய 'ங்க' போட்டுப் பேசுனாரு."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பரணிலிருந்து பெரிய குண்டானை இறக்கினாள். "சாளைய எப்பக் காலி பண்ணோணுமாம்?" என்று கேட்டுக்கொண்டே துணிமணியை அதற்குள் அடுக்க ஆரம்பித்தாள்.

அழுதாளா என்று பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாயி வந்து வேலியோரம் நின்று பார்த்தாள். அழவில்லை. பாப்பாயிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

காலனியில் ராமுலுவின் அண்ணன் வீட்டை ஒட்டிய சாய்ப்பில் கொஞ்ச காலம் இருந்தார்கள். அவள் கூட்டத்துக்குப் போய் நாற்காலியில் உட்காருவாள். மற்றவர்களுக்கு அன்றைக்கென்று வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி வந்துவிடும், கல்யாணம் வந்துவிடும். அவளும் அருள்குமாரும் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஆள் சேரவில்லை என்று எழுதிவைத்துவிட்டு எழுந்து போவார்கள். அப்படியே பல மாதம் ஓடியது. அதற்குப் பிறகு அவள் ராஜினாமா கொடுத்துவிட்டாள். ஏன் என்று அதிகாரி கேட்டதற்கு, "எங்க ஊட்டுக்காரருக்கு வேல கெடச்சிருக்குதுங்க" என்றாளாம்.

அது பொய்யில்லை. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பஞ்சாலையில் ராமுலுவுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போய்விட்டார்கள். அருள்குமார் பொள்ளாச்சிப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு, அங்கேயே ஒரு டீச்சரைக் கட்டினான். லோகப்பிரியாவைத் திருப்பூரில் பனியன் கம்பெனிக் குடும்பத்தில் கொடுத்தார்கள். பிரான்சிஸ் ஏதாவது செய்வார் என்று ஊர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம். அவர் தன் மாமன் மகளைக் கட்டிக்கொண்டு பாலக்காட்டுக்குக் குடிபோனார், பத்திரிகை கூட அனுப்பவில்லை. மாசாணியம்மாள் சரவணம்பட்டியில் ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறாள் என்று பாப்பாயி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நல்லா இருக்கியா என்று கேட்டாளாம். "இருக்கறனுங்க" என்றாளாம்.