ஜீவாவின் சபைக்கு வரி இல்லையாம்

மேகலாவும் ஜீவாவும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில், அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள். மதியம் ஒருத்தி டிபனை மற்றவள் பிடுங்கித் தின்பாள். அப்புறம் மேகலா வேலையை விட்டுச் சொந்தமாக ஒரு ஷூ தையல் யூனிட் போட்டாள். ஜீவா சாமியாகிவிட்டாள்.

'உள்ளொளி சபை' என்று பேர் வைத்து, பைபாஸ் ஓரம் வெள்ளையாக ஒரு கட்டடம் எழுப்பினாள். வெள்ளிக்கிழமையானால் வாணியம்பாடியிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் வேன் வேனாக ஜனம் வந்து இறங்கும். எல்லாரும் அவளை 'அம்மா' என்றார்கள். 'அடியே' என்று கூப்பிட்டுப் பழகிய மேகலாவுக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும்.

அந்தக் கட்டடத்துக்கு நகராட்சி சொத்து வரி விலக்குக் கொடுத்துவிட்டது என்று தெரிந்த அன்று அவளுக்குச் சோறே இறங்கவில்லை. அவள் யூனிட்டுக்கு மட்டும் கடைக்குப் போடுகிற வரி!

வார்டு கூட்டத்தில் தோல் வியாபாரி கலீமுல்லாதான் முதலில் எழுந்தார். "மசூதி, சர்ச்சு, கோயிலு எல்லாம் எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்குது. இது நேத்து முளைச்சது. நாளைக்கு என் குடோனுக்கும் ஒரு சாமி பேரு வெச்சா வரி கிடையாதா?"

கூட்டம் சிரித்தது. வரி அதிகாரி கோதண்டராமன் கையை விரித்தார். "எது சாமி, எது சாமி இல்லன்னு நாங்க சொல்ல முடியாதுங்க. ஜனங்க கும்பிட்ற எடம், வாடகைக்கு விடல. அதனால விலக்கு."

"யாரு சொன்னது விடலன்னு?" மேகலா எழுந்துவிட்டாள். "மாடி ஹால்லதான் என் நாத்தனார் பொண்ணு நிச்சயதார்த்தம் நடந்துச்சு. காணிக்கைன்னு சொல்லி வாடகை வாங்குனாங்க."

அந்த நிச்சயதார்த்தத்தன்று மேடையேறி ஆசீர்வாதம் செய்த ஜீவா, மேகலா உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். கும்பிடுகிற கூடத்துக்கு விலக்கு, மாடி ஹாலுக்கு வரி என்று முடிவானது.

மறுவாரம் ஜீவா தனியாக யூனிட்டுக்கு வந்தாள்.

"இன்னாடி மேகலா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கட்டியிருப்பேனே."

"உன்னப் பாக்கணும்னா டோக்கன் வாங்கணுமாமே."

"உனக்கு எதுக்குடி டோக்கன்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னியா?"

ஜீவா அவள் முகத்தையே பார்த்தாள். "உன் கோவம் வரிக்காகத்தானா?"

"ஆமா. ஊரே கட்டுது. நீயும் கட்டு."

அதற்குள் தையல் பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து ஜீவா காலில் விழுந்தார்கள். ஒவ்வொருத்தி தலையிலும் அவள் கை வைத்தாள். மேகலா தோல் துண்டுகளை அடுக்குவதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பியபோது ஜீவா போய்விட்டிருந்தாள்.

சபைக்குக் கூட்டம் குறையவில்லை; கூடியது. "பரவாயில்ல, ஒழுங்கா வரி கட்ற சாமி" என்று கலீமுல்லாவே டீக்கடையில் சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை பெண்கள் எல்லாரும் அரை நாள் லீவு கேட்டார்கள்.

"அம்மாகிட்ட உங்களப் பத்தி எதாவது சொல்லட்டுமாக்கா?" என்றாள் அவர்களில் ஒருத்தியான மெர்சி.

"இருக்கிற ஜோடியைத் தைச்சிட்டுப் போ" என்றாள் மேகலா.