பாதியில் விட்ட படம்

விடியும் முன்பே துவாஸ் கப்பல் பட்டறையில் கப்பலின் டேங்குக்குள் இறங்கியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் கப்பலுக்கு அது தெரியாதே. கிரைண்டர் துருவைச் சீவச் சீவ, செந்தூள் முகமூடிக்குள் புகுந்து நாக்கில் கசந்தது. இரும்புச் சுவர்களுக்கு நடுவே உடம்பு வெந்தது. மேலே ஏறி வந்து துப்பினால் எச்சிலும் சிவப்பு.

போன வாரம் இதே டேங்கில்தான் சாரத்துப் பலகை நழுவி எங்கள் கூட்டாளி ரகுபதி விழுந்தான். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பலகை ஆடுகிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். "அட்ஜஸ்ட் பண்ணுங்க லா, கப்பல் போகணும்" என்றார் முதலாளி தனசேகரன். இப்போது மாவுக்கட்டோடு விடுதிக் கட்டிலில் கிடக்கிறான்.

அதே தனசேகரன் அந்த ஞாயிறு காலை வேலை முடிந்ததும் எல்லோர் கையிலும் சினிமா டிக்கெட்டைத் திணித்தார். "மனசு கஷ்டத்துல இருப்பீங்க. பெரிய ஏலியன் படம். ஜாலியா பாத்துட்டு வாங்க."

பல்லைக் காட்டிக்கொண்டு லாரியில் ஏறினோம். டேங்குக்குள் ஆள் இருந்தால் வாசலில் ஒருவன் காவலுக்கு நகராமல் நிற்க வேண்டும். அவசரத்துக்கு ஒதுங்குவதென்றாலும் மாற்று ஆள் வர வேண்டும். அப்படிப் பழகிய நாங்கள் ரகுபதிக்கு ஒரு ஆளை வைக்காமல் கிளம்பிவிட்டோம். இலவச டிக்கெட் கண்ணை மறைத்துவிட்டது.

லிட்டில் இந்தியா பக்கத்துத் தியேட்டரில் படம் ஓடியது. ஓடியது என்று சொல்வதே அதிகம். வேற்றுக்கிரகத்துக் கப்பல் சென்னைமேல் இறங்குகிறது. பச்சைத்தோல் ஆசாமிகள் வந்து கட்டடங்களை இடிக்கிறார்கள். ஊரே ஓடுகிறது, ஒருவர்கூடக் கல்லெடுத்து எறியவில்லை. காப்பாற்ற வேண்டிய கதாநாயகனோ பனிமலையில் ஆடிக்கொண்டிருந்தான்.

"இத்தன லட்சம் சனம் இருக்கு. சேந்து நின்னா அந்தப் பச்சப்பயலுக என்னத்தப் புடுங்குவானுக?" என்று அழகர்சாமி அண்ணன் முணுமுணுத்தார்.

"உலகத்தக் காப்பாத்த ஒரு ஆள்தான்ணே. பட்ஜெட் அவ்ளோதான்" என்றான் லாரி ஓட்டும் உமைர்.

படம் கொஞ்சம் நன்றாக இருந்திருந்தால் போனைத் தொட்டிருக்கமாட்டேன். சலித்துப்போய் எடுத்துப் பார்த்தேன். ரகுபதியின் செய்தி வந்திருந்தது: "சக்தி, வேன் வந்திருக்கு. பையக் கட்டச் சொல்றாங்க. சாயங்காலம் ஊருக்குப் பிளைட்டாம். எல்லாரும் எங்கடா போனீங்க?"

அவன் விமானம் ஏறிவிட்டால் நஷ்டஈட்டு வழக்கும் இல்லை, வைத்தியமும் இல்லை. ஆயுளுக்கும் நொண்டிதான். எங்களை அப்புறப்படுத்தவே இந்தப் படம் என்று அப்போதுதான் உறைத்தது. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

போனை அழகர்சாமி அண்ணனிடம் காட்டினேன். அவர் எழுந்தார். வரிசை முழுக்க எழுந்தது. கதாநாயகன் ஊர் திரும்புவதற்குள் நாங்கள் லாரியில் இருந்தோம்.

விடுதி வாசலில் வேன் புறப்படத் தயாராக நின்றது. ரகுபதி பின்சீட்டில் காலை நீட்டிக் கிடந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. உமைர் லாரியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி இறங்கினான். நாங்கள் அவனோடு வரிசையாக நின்றோம்.

தனசேகரன் வேகமாக வந்தார். "படம் முடிஞ்சிருச்சா?"

"நல்லால்ல பாஸ், வந்துட்டோம்" என்றார் அழகர்சாமி அண்ணன். "ரகுபதிய இறக்கி விடுங்க."

"வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும்னு அனுப்புறேன். நல்லதுக்குத்தான் லா."

"நல்லதுன்னா எங்க முன்னாடியே செஞ்சிருக்கலாமே."

"வாய் நீளுது. எல்லார் ஒர்க் பெர்மிட்டையும் கேன்சல் பண்ணிருவேன்."

"பண்ணுங்க. நாளைக்கு டேங்குக்குள்ள நீங்க இறங்குவீங்களா?"

அவர் முகம் கறுத்தது. அண்ணன் தொழிலாளர் உதவி எண்ணுக்குப் போட்ட அழைப்பு அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இந்த வேலை போனால் ஊரில் என் வீட்டில் அடுப்பு எரியாது. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன், பொய் சொல்வானேன்.

"லாரி சாவியக் குடு" என்று உமைரிடம் கையை நீட்டினார் தனசேகரன்.

உமைர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். காலி. அழகர்சாமி அண்ணனும் விரித்தார். அவருக்கு அடுத்தவரும் காட்டினார். முதலாளி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். முதுகுக்குப் பின்னால் கைமாறி வந்த சாவி, வரிசையின் கடைசியில் நின்ற என் உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்தது. எனக்கு அடுத்து ஆள் இல்லை.

பின்னாலிருந்து ஈரமான விரல்கள் என் கையைத் தொட்டன. திரும்பிப் பார்த்தேன். வேறு கம்பெனியில் வேலை செய்யும் வங்கதேசத்துக்காரர், மேல்மாடியில் இருப்பவர், பெயர்கூட எனக்குத் தெரியாது. குளியலறையிலிருந்து அப்படியே கைலியோடு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்க ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

சாவியை அவரிடம் கொடுத்தேன். பிறகு கைகளை விரித்துத் தனசேகரனிடம் காட்டினேன்.