சாதகர் முன்னேற்றக் குறிப்பேடு

ரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தொட்டபோது ஜானகிராமனுக்கு டாக்டர் மூன்று விஷயம் சொன்னார்: தினமும் மாத்திரை, காலையில் நடை, முடிந்தால் கொஞ்சம் தியானம். மூன்றில் கசப்பும் வியர்வையும் இல்லாதது மூன்றாவதுதான் என்பதால் ஜானகிராமன் அதை முதலில் எடுத்துக்கொண்டார்.

முப்பத்தொரு வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தி, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவர். படிவம் இல்லாத காரியத்தை அவர் காரியமாகவே மதித்ததில்லை. கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மஞ்சள் சுவர் பங்களாவில் இருந்த மௌனதாரா மந்திர தியான நிலையத்தில் வாசலிலேயே படிவம் கொடுத்தார்கள். இரண்டு பிரதி. அங்கேயே அவருக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

நிலையத்தின் தலைவர் ஸ்வாமி ஃப்ளோரானந்தா. துறவுக்கு முன் வெறும் ஃப்ளோரான். முத்தியால்பேட்டையில் பிறந்து, பிரான்சின் மர்செய் நகரத்தில் இருபது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு ஞானத்தோடு திரும்பியவர். மேலே போவது பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று சீடர்கள் நம்பினார்கள்.

தீட்சை அன்று பழம், பூ, வெள்ளைத் துண்டு. ஸ்வாமி குனிந்து காதில் மூன்றெழுத்து மந்திரம் ஒன்றைச் சொன்னார். யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. ஆகவே இங்கேயும் அது எழுதப்படவில்லை.

“காலையில இருபது நிமிஷம், சாயந்திரம் இருபது. நாக்கு அசையக் கூடாது. மனசு சொல்லட்டும், நீங்க கேளுங்க. நினைப்பு வேற எங்கயாவது ஓடுனா திட்டாதீங்க, மெதுவா கூட்டிட்டு வாங்க. வொலா, அவ்ளோதான்.”

அவ்வளவோடு விட்டிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் கையில் ஒரு குறிப்பேடும் கொடுத்தார்கள். ‘சாதகர் முன்னேற்றக் குறிப்பேடு’ என்று அட்டையில் அச்சடித்திருந்தது. உள்ளே தேதி, நேரம், அனுபவம், குருவின் குறிப்பு என்று நான்கு பத்தி. அனுபவங்கள் ஐந்து ஏற்கப்பட்டால் இரண்டாம் நிலை. பொன்னாடை, மேடை, ஒலிபெருக்கி.

முதல் பதினொரு நாளும் ஜானகிராமன் கண்ணை மூடினால் மந்திரத்துக்குப் பக்கத்திலேயே காலைச் சட்னியும் கால் கட்டைவிரல் அரிப்பும் வந்து உட்கார்ந்துகொண்டன. ‘அனுபவம் இல்லை’ என்று நேர்மையாக எழுதினார். பக்கத்து மணையில் உட்கார்ந்திருந்த விஜயராகவன், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், பதினான்கு மாதமாக அதையே எழுதிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை, தியானம் முடிந்து எழுந்தபோது ஜானகிராமனின் வலது கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. பேனா கீழே விழுந்தது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. சரியான உடனே அவர் செய்த முதல் காரியம், அதைக் குறிப்பேட்டில் பதிவு செய்தது.

ஸ்வாமி பச்சை மையில் எழுதினார்: ‘த்ரே பியான், மிக நன்று. சக்தி இறங்குகிறது. ஏற்கப்பட்டது.’

விஜயராகவன் எட்டிப் பார்த்தார். “பன்னெண்டு நாள்லயா சார்? எனக்கும்தான் மரத்துது, கால். உக்காந்து உக்காந்து. அதச் சேத்துக்க மாட்டேங்கறாரு.”

“கால் கணக்குல வராதுங்க,” என்றார் ஜானகிராமன், கருணையோடு.

குறிப்பேட்டின் ஏழாம் விதி, ‘வெளி ஆதாரங்களைப் படிப்படியாகக் குறைக்கவும்’ என்றது. எழுதியவர் காபியை நினைத்திருக்கலாம். ஆனால் ஜானகிராமன் விதிகளைக் குறைத்துப் படிக்கிறவர் அல்ல. அடுத்த நாளிலிருந்து மாத்திரையை நிறுத்தினார்.

மனைவி பாக்கியலட்சுமி ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தாள்.

“ஏங்க, மாத்திர அட்ட அப்படியே கெடக்குது.”

“தேவப்படல.”

“டாக்டரு சொன்னாரா?”

“சாமி கையெழுத்துப் போட்டுருக்காரு.”

“சாமி இன்னா படிச்சிருக்காரு?”

“இதெல்லாம் படிச்சு வர்றது இல்ல, லட்சுமி.”

“அதான் கேட்டேன்,” என்று சொல்லிவிட்டு அவள் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தியானத்தில் இருப்பவரை எழுப்பக் கூடாது என்பது எட்டாம் விதி.

நான்காம் வாரம் பெயர்கள் உதிர ஆரம்பித்தன. எதிர்வீட்டுக்காரரின் பெயர், முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த அலுவலகம் இருந்த தெருவின் பெயர். தேடினால் அந்த இடத்தில் மந்திரம் உட்கார்ந்திருந்தது. எழுதினார். ‘நாம ரூபம் கரைகிறது. ஏற்கப்பட்டது.’ அதற்கடுத்த நாள் வலது கண்ணோரம் ஒரு மூடுபனி வந்து போனது. அதுவும் ஏற்கப்பட்டது. எழுத்து வரியை விட்டுச் சரிந்து பக்கத்தின் மூலைக்கு ஓடியது. ‘கர்த்தா விலகுகிறான்’ என்று ஸ்வாமி அதையும் ஒரு அனுபவமாக எடுத்துக்கொண்டார். நான்காயிற்று. கேட்காததற்கும் ஒப்புதல் தருகிற ஓர் அதிகாரியை ஜானகிராமன் தன் பணிக்காலம் முழுவதும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பெரிய மார்க்கெட்டில் மீன்காரி சின்னப்பொண்ணு முன்னால் நின்றார். வழக்கமாக வாங்குகிற மீன் கண்ணுக்கு எதிரே சிவப்பாகப் பளபளத்தது. அதன் பெயர் வரவில்லை. விரலால் காட்டினார்.

“இன்னா சாரு, மௌன விரதமா? மீனு வாங்க வந்த எடத்துல?” என்று சிரித்தவள், அவர் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். “சாரு, வாயி ஒரு பக்கமா இழுக்குது. எங்க வூட்டுக்காரருக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. மீன அப்பறம் வாங்கிக்கலாம், ஆட்டோவப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போ.”

ஜானகிராமன் அவளைப் பரிவோடு பார்த்தார். பாவம், இவளுக்கு இரண்டாம் நிலையைப் பற்றி என்ன தெரியும். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தபோது வாய் நேராகத்தான் இருந்தது. அதனால் அவள் சொன்னது பொய்யாகிவிடவில்லை, அன்று சாயந்திரமே பச்சை மையில் ஏற்கப்பட்டு அனுபவம் ஐந்தாகியிருந்தது.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நிலையத்தின் மாதாந்திர விழா. சட்டைப் பொத்தானை அவரால் போட முடியவில்லை. பாக்கியலட்சுமிதான் போட்டுவிட்டாள். போட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரி போலாம் வாங்க.”

“விழா முடிஞ்சதும்.”

“இப்பவே.”

“ஒம்போதரைக்கு முடிஞ்சிடும். அழைப்பிதழ்ல போட்டுருக்கு பாரு.”

அவள் புடவையை மாற்றிக்கொண்டு, மருத்துவச் சீட்டுகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, முதல்முறையாக அந்த நிலையத்துக்குக் கிளம்பி வந்தாள்.

கூடத்தில் எழுபது பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜானகிராமனை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக் வந்தது. ஜானகிராமன் எழுதிவைத்த உரையைப் பிரித்தார். “மதிப்பிற்குரிய ஸ்வாமி அவர்களே” வரை சுத்தமாக வந்தது. அதற்குப் பிறகு தாளைப் பிடித்திருந்த வலது கை அங்கே இல்லை. பார்த்தால் இருந்தது. ஆனால் வேறு யாருடைய கையோ போல மடியில் விழுந்து கிடந்தது.

அப்போதுதான் அவர் அந்தக் குறிப்பேட்டை மனசுக்குள் ஒரு கோப்பாக, முதல்முறையாக முதலிலிருந்து படித்தார். விரல், பெயர், கண், எழுத்து, வாய். எல்லாப் பதிவும் சரி. எல்லாக் கையெழுத்தும் சரி. மேலே ‘பொருள்’ என்ற இடத்தில் எழுதியிருந்ததுதான் தவறு.

ஆஸ்பத்திரி என்று சொல்ல வாயைத் திறந்தார்.

மந்திரம் வந்தது.

வாய்விட்டு, கணீரென்று, ஒலிபெருக்கி வழியாக. திடுக்கிட்டு மறுபடி ஆஸ்பத்திரி என்று முயன்றார். மறுபடி அதே மூன்றெழுத்து. உள்ளே எல்லாச் சொற்களும் தெளிவாக நின்றன. வெளியே வர அது ஒன்றுக்குத்தான் வழி இருந்தது.

கூடத்தில் ஒரு பெருமூச்சு பரவியது. “கண்ண மூடுங்க எல்லாரும்,” என்றார் ஸ்வாமி தழுதழுத்த குரலில். “சொல்றது அவரு இல்ல. அது தானா சொல்லுது.” எழுபது பேரும் கண்ணை மூடினார்கள். முதல் வரிசையில் விஜயராகவனின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பக்தியா பொறாமையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

திறந்திருந்தவை கடைசி வரிசையில் இரண்டு கண்கள். பாக்கியலட்சுமி எழுந்துவிட்டாள். வெள்ளைப் புடவை கட்டிய தொண்டர் ஈனெஸ் அந்த அரவத்தில் கண்ணைத் திறந்து ஓடிவந்து அவள் தோளை அழுத்தினாள்.

“உக்காருங்கம்மா. இந்த நேரத்துல அவரத் தொடக் கூடாது.”

“கைய எடும்மா.”

“சமாதி நெலைம்மா அது.”

“வாய் கோணிக்கினு எச்சி வடியுது, பாக்கற இல்ல? கைய எடு.”

அவளுக்கும் மேடைக்கும் நடுவில் ஏழு வரிசை முழங்கால்கள். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்ட ஆரம்பித்தாள். ஒரு வரிசையைத் தாண்டினாள். இரண்டாவதில் யாருடைய தொடையையோ மிதித்தாள். மிதிபட்டவர் கண்ணைத் திறக்காமல் இன்னும் ஆழமாக மூச்சை இழுத்தார். மூன்றாவதில் ஒரு பருமனான ஆள் வழிவிடாமல் அசையாது உட்கார்ந்திருந்தார்.

ஜானகிராமனின் உடம்பு வலப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. சீக்கிரம் வா என்று அவளைக் கூப்பிட்டார். ஸ்வாமி, ஓரெழுத்துகூடச் சிந்திவிடக் கூடாதென்று, மைக்கை அவர் வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுவந்து பிடித்தார்.