காப்பு கட்டிய எட்டு நாள்

ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்பதி லேபின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஹரிதாவிடமிருந்து போன் வந்தது. தடாவுக்குப் பக்கத்தில் உள்ள பிஸ்கட் கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கும் பெண் அவள். நேரில் பார்த்ததில்லை. சத்தியவேட்டுக்காரி, நம்ம தமிழ் பேசுவாள் என்பதில் எனக்கு ஒரு தைரியம் இருந்தது.

"மேடம், மெடிக்கல் முடிஞ்சிடுச்சா?"

"ரத்தம் எடுத்துட்டாங்க. எக்ஸ்ரே ஒண்ணு பாக்கி. வரிசைல உக்காந்துக்கினு இருக்கறேன்."

"எக்ஸ்ரே எடுக்க வேணாம் மேடம்."

பின்னால் யாரோ தெலுங்கில் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும், குரல் மாறியது. "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. உங்க பழைய கம்பெனில இருந்து பதில் வந்துச்சு. மறுபடி வேலைக்கு எடுப்பீங்களான்னு ஒரு கேள்வி இருக்கும். மாட்டோம்னு போட்டுக்கிறாங்க. காரணம், சீசன் நேரத்துல எட்டு நாள் சொல்லாம கொள்ளாம ஓடிட்டாங்கன்னு."

"நானா?"

"உங்க பேர்தான்க்கா. உங்க வேலை ஆர்டர நிறுத்தச் சொல்லிட்டாங்க. நாலு மணிக்கு லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும். அதுக்குள்ள அதே மெயில்ல இருந்து அவங்களே திருத்தி அனுப்பினா நான் பேசிப் பாக்கறேன். நீங்க அனுப்பினா செல்லாது."

மணி பத்தே முக்கால். நான் பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கோபத்தில் எக்ஸ்ரே சீட்டை அங்கேயே விட்டுவிட்டேன் என்பது பஸ் ஸ்டாண்டில்தான் தெரிந்தது.

ஒன்பது வருஷமாகச் சித்தூருக்கு வெளியே இருக்கும் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் லேப் வேலை பார்க்கிறேன். ஒன்பது வருஷம் என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, வருஷத்துக்கு மூன்று மாதம்தான் வேலை. பெங்களூரா மாங்காய் வரத் தொடங்கினால் கூப்பிடுவார்கள். கடைசி லாரி போனதும் அனுப்பிவிடுவார்கள். மற்ற ஒன்பது மாதம் நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த இல்லத்தரசி. என் வீட்டுக்காரர் சந்துரு நகரியில் பவர்லூம் ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் தறி நிற்கிறது. பிஸ்கட் கம்பெனியில் பன்னிரண்டு மாதமும் வேலை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். எனக்கு வரும் மார்கழியோடு முப்பத்தைந்து முடிகிறது. இது போனால் வேறொன்று என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

சித்தூர் பஸ்ஸில் கண்டக்டர் என் ஆதாரைப் பார்த்துவிட்டுப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். சந்திரகிரி தாண்டும்வரை எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை. எந்த எட்டு நாள்? காய்ச்சலோடு கூட வேலைக்குப் போனவள் நான். பூதலப்பட்டுக்கு முன்னால் ஒரு கோயில் வாசலில் மஞ்சள் துணி கட்டி வேப்பிலை சொருகியிருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம். எங்கள் ஊர் பாலசமுத்திரம் பக்கம். பொன்னியம்மனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பு கட்டினால் அடுத்த ஞாயிறு அதை அறுக்கும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியே ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாய்ந்தால் எல்லைக்குள் இருக்க வேண்டும். அந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். சீசன் உச்சத்தில் இருந்தது. நானும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கம்பெனி வேனுக்காக ஊர் முனையில் நின்றேன். அப்போது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு ஒருவர் வண்டியில் வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"காப்பு கட்டியாச்சு. எங்க கெளம்பிட்ட?"

"நைட் ஷிப்ட் மாமா."

"வூட்ல சின்னப் புள்ள கீது. தெரிஞ்சே அம்மாவக் கோவப்படுத்துவியா? போ, வூட்டுக்குப் போ. ரிஜிஸ்டர நான் பாத்துக்கறேன்."

அவர் ஆதிகேசவன். ஊரில் கோயில் தர்மகர்த்தா, முறையில் எனக்கு மாமா. தொழிற்சாலையில் மேனேஜர். ஷிப்ட் போடுபவரே போகாதே என்று சொன்னால் யார்தான் போவார்கள்? என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அம்மை என்ற வார்த்தையைக் கேட்டால் என் கெமிஸ்ட்ரி எல்லாம் எங்கோ ஓடிவிடும். டப்பாவோடு வீட்டுக்குத் திரும்பினேன். ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். தொட்டிலுக்குள் இருந்தது நான்தான் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

அவரும் அந்த எட்டு நாள் ஊரில்தான் இருந்தார். மஞ்சள் காமாலை என்று டாக்டர் சீட்டு கொடுத்து மெடிக்கல் லீவு. ஊருக்கே தெரியும், சொல்லிச் சிரித்தோம். கடைசி நாள் இடுப்பில் மஞ்சள் வேட்டியும் தலையில் கரகமுமாக அவர் பம்பைக்கு ஆடியதை நானே வீடியோ எடுத்திருந்தேன். பஸ் குலுக்கலில் போனைத் தள்ளித் தள்ளித் தேடினேன். இருந்தது. மூன்று நிமிஷம், தேதியோடு. சின்ன முதலாளி என்று நாங்கள் சொல்லும் முதலாளி மகனின் நம்பரும் அதே போனில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் தூரம்தான். அதை நினைத்தபோது எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பொய் சொல்வானேன்.

சீசன் இல்லாத தொழிற்சாலையைப் பார்க்கக் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருந்தது. நீல டிரம்கள் மட்டும் வரிசையாக அடுக்கியிருந்தன. வாட்ச்மேன் மாசிலாமணி அண்ணன் கேட்டைத் திறந்தார். "மேனேஜர் பேங்குக்குப் போயிக்கிறாரு. மூணு மணிக்கு வருவாரு. துன்னியாம்மா?" என்று கேட்டார். துன்னேன் என்று பொய் சொன்னேன். மூன்று மணி மூன்றேகால் ஆனது. ஹரிதாவிடமிருந்து ஒரு மெசேஜ்: 'என்னாச்சுக்கா?' பதில் போடவில்லை.

மூன்று இருபதுக்கு ஆதிகேசவன் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்திருக்க வேண்டும், சாவியைத் தேடுவது போலப் பையைத் துழாவினார்.

"இன்னாம்மா துர்கா, இந்த நேரத்துல?"

"மாமா" என்றேன்.

ஒன்பது வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் வாசல் பக்கம் பார்த்தார். "இங்க சார்னு கூப்டு."

"சார்கிட்ட நான் பேச வரல. ஊர் முனைல என்னை நிறுத்தின மாமாகிட்ட பேச வந்துக்கிறேன். பிஸ்கட் கம்பெனிக்கு என்னப் பத்தி இன்னா எழுதினீங்க?"

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் சண்டை போட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் போட்டார்.

"ரிஜிஸ்டர்ல இருக்கறத எழுதினேன்."

"ரிஜிஸ்டர்ல எழுதச் சொன்னது யாரு?"

"நான்தான். வேற இன்னா எழுதறது சொல்லு? லீவுன்னு போட்டா முதலாளி கையெழுத்து வேணும். சீசன்ல அவரு குடுப்பாரா? ஓடிட்டான்னு போட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. திரும்பி வந்தா சேத்துக்கலாம். உன்னச் சேத்துக்கினேன் இல்ல? பொண்ணு பாக்கப் போனவன், கருமாதிக்குப் போனவன், எல்லாருமே அந்த ரிஜிஸ்டர்ல ஓடிப்போனவங்கதான். வெளிய இருந்து ஒருத்தன் இதக் கேப்பான்னு நான் கனவா கண்டேன்?"

அது உண்மைதான் என்பதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. அவர் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. நல்லது செய்த கையோடுதான் என் பெயரில் அந்த வார்த்தையை எழுதியிருக்கிறார்.

"கேட்டாங்க இல்ல? அப்ப இன்னா நடந்துதுன்னு எழுதியிருக்கலாமே."

"எழுதற மெயில் எல்லாமே சின்ன முதலாளிக்கும் ஒரு காப்பி போவுது. இப்ப அதான் ரூல். நான் பர்மிஷன் குடுத்தேன்னு எழுதினா அவன் அந்த வருஷத்து ஜூலை மாச ரிஜிஸ்டர எடுப்பான். உன் பேருக்கு நாலு வரி மேல என் மெடிக்கல் லீவு. அதே எட்டு நாள். காமாலைல படுத்துக்கினு இருந்தவன் எப்படி பர்மிஷன் குடுத்தேன்னு கேப்பான்." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் கீது துர்கா. பொய் சர்ட்டிபிகேட்னு எழுதி வேலைய வுட்டு அனுப்பினா ஒண்ணுமில்லாம வூட்டுக்குப் போவணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்று சும்மாவா சொன்னார்கள்? அவருடைய இரண்டு வருஷமும் எனக்கு வரப்போகும் இருபது வருஷமும் அந்த மேஜை மேல் கிடந்தன. மணி மூன்று முப்பத்தைந்து.

"வர்ற சீசன்ல உன்ன லேப் இன்சார்ஜ் ஆக்கிடறேன்" என்றார். "சத்தியமா."

"மூணு மாசத்துக்கா?"

நான் போனை எடுத்தேன். மிரட்ட வேண்டும் என்று வரும் வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வீடியோவைத் தட்டிவிட்டு மேஜை மேல் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வெறிச்சோடிய அந்தத் தொழிற்சாலையில் பம்பைச் சத்தம் திடீரென்று நிரம்பியது. மாசிலாமணி அண்ணன் கேட்டிலிருந்து திரும்பிப் பார்த்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

ஆதிகேசவன் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன்னையே பார்த்தார். உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, கண் மூடி, கரகம் தலையில் ஆட, சுற்றிலும் எங்கள் ஊர்.

"யாருக்கு அனுப்பப் போற?"

"தெரியல மாமா." அது நிஜம். "நாலு மணிக்கு அப்புறம் எனக்கே தெரியாது."

வீடியோ முடிந்தது. தானாகவே மறுபடி ஓடத் தொடங்கியது. நிறுத்த இருவருக்கும் தோன்றவில்லை. அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். இவர் ஓடிப்போகவில்லை. என்னுடைய அனுமதியின் பேரில்தான் வரவில்லை. ரிஜிஸ்டரில் தவறாக எழுதியது நான். மறுபடி கட்டாயம் வேலைக்கு எடுப்போம். மேலே சின்ன முதலாளியின் பெயர் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. மணி மூன்று ஐம்பத்தைந்து. ஹரிதாவின் மெசேஜ் இன்னொன்று வந்து வீடியோவின் மேல் ஒரு நொடி நின்று போனது.

அவர் கை மவுஸ் மேல் அப்படியே இருந்தது. நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். திரும்பியபோது அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளியிருந்தார்.

"எழுதிட்டேன். அமுக்கறதுக்கு எனக்குக் கை வரல" என்றார். "அன்னிக்கு எல்லையத் தாண்டாதேன்னு நான் சொன்னேன். இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல. நீயே அமுக்கும்மா."

நான் குனிந்து மவுஸைப் பிடித்தேன். அவர் உள்ளங்கை வேர்வையில் அது ஈரமாக இருந்தது. திரையில் அம்புக்குறி போய் 'அனுப்பு' என்ற பட்டன் மேல் நின்றது. ஊசி குத்திய இடம் என் கையில் விண்விண் என்று வலித்தது. மேஜை மேல் பம்பை வேகம் எடுத்தது. வீடியோவில் அவர் கால் இடறி, தலையில் கரகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காலையிலிருந்து அந்த வீடியோவை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன்! அதில் என் குரல் இருப்பது மட்டும் எனக்கு ஞாபகமே இல்லை; இத்தனை நேரம் ஓடியும் இப்போதுதான் அது காதில் விழுந்தது. போனுக்கு மிக அருகில், எல்லாச் சத்தத்தையும் மீறி, பதறிப்போய் அந்தக் குரல் கத்தியது.

"மாமா, பாத்து! வுழுந்துடப் போறீங்க!"